பாலைக்கு நிலமில்லை

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பது தமிழிலக்கணத்தின் மிகப் பழைய முடிபுகளுள் ஒன்று. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கினுக்கே நிலமும் தெய்வமும் வகுத்தார்; பாலையை நடுவே நிறுத்தி, அதற்கு நிலம் கூறாது விட்டார். பின்வந்த இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவு கொள்ளும் என்று விளக்கினார். அவ்வாறாயின் மழையும் பனியும் மாறிமாறிப் பொழியும் இத் தலவாக்கலைக் குறிஞ்சிக்கும் ஒரு பாலை உண்டு என்றாகிறது. அஃது எங்கே, எப்பொழுது வெளிப்படுகின்றது என்பதே இவ்வாரம் எம் சிந்தனையை ஆட்கொண்ட வினா.

இவ் வினாவை எழுப்பியது சங்க நூல் எதுவுமன்று. சிறுவர் விளையாடும் ஒரு வீடியோ விளையாட்டிலுள்ள மோட்டார் ஓட்டத் தடம். இலக்கிய அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் ஒரு கணம் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

யப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1992இல் 'சூப்பர் மரியோ கார்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. கார்ட் என்பது மிகச் சிறிய திறந்த பந்தய வண்டி. மெய்யான மோட்டார்ப் பந்தயத்திற் பெயர்பெற்ற வீரர் பலரும் இளமையில் அவ்வண்டியிலேயே பயின்றவர். விளையாட்டின் கதாநாயகனான மரியோ, குழாய் திருத்தும் ஒரு தொழிலாளி. அரசகுமாரர்களையே நாயகராகக் கொண்டு பழகிய கதையுலகில் ஒரு குழாய்த் தொழிலாளி உலகப் புகழ் எய்தியது எமக்கு மகிழ்ச்சியே. 1996 டிசெம்பரில் அதன் அடுத்த பகுதியாகிய 'மரியோ கார்ட் 64' யப்பானில் வெளிவந்தது. ஹிதேகி கொன்னோ என்பார் அதனை நெறிப்படுத்தினார். அதிலுள்ள தடங்களுள் ஒன்றே நாம் குறிப்பிடுகின்ற பாலைத் தடம். ஆங்கிலப் பதிப்பில் அதற்குக் 'கலிமாரி டெசர்ட்' என்று பெயர். ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தை அப்பெயர் நினைவூட்டும். ஆனால் தடத்தின் தோற்றமோ அமெரிக்காவின் தென்மேற்கே செம்பாறைகள் கோபுரம்போல் நிற்கும் வறள்வெளிகளை ஒத்தது.

யப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'கராகரா சபாகு'. 'சபாகு' என்றால் பாலைவனம். 'கராகரா' என்பது ஈரம் முற்றும் வற்றிய உலர்ச்சியைக் குறிக்கும் ஓர் ஒலிக்குறிப்புச் சொல். நம் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று கூறுவோமே, அவ்வகைச் சொற்கள் யப்பானிய மொழியில் ஏராளம். தாகத்தால் தொண்டை கரகரக்கிறது என்று நாமும் சொல்லுகின்றோம். இவ்வொற்றுமையிலிருந்து மொழியுறவு எதனையும் நிறுவ நாம் முனையவில்லை; அத்தகைய முயற்சிகள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் நடந்துள்ளன. வறட்சியைச் செவியால் உணர்த்தலாம் என்று இரு மொழியாரும் கண்டனர் என்பதே போதும்.

நிற்க, அத்தடத்தின் சிறப்பு அதன் மணலில் இல்லை, புகையிரதத்தில் இருக்கின்றது. பாலையைச் சுற்றி ஓர் இருப்புப்பாதை செல்கின்றது. அஃது ஓட்டத் தடத்தை ஈரிடங்களில் குறுக்கறுக்கின்றது. நீராவி எஞ்சின் பூட்டிய வண்டித்தொடர் ஒன்று அப்பாதையில் ஓயாது சுற்றி வருகின்றது. பந்தயக்காரன் முதலிடத்தில் இருந்தாலும், கடவைக்கு வரும் அந்தக் கணத்தில் வண்டி குறுக்கே வந்தால் நின்றேயாக வேண்டும். நில்லாது பாய்ந்தால் தூக்கி எறியப்படுவான். பின்னால் வந்தவன் அதற்குள் முன்னேறிவிடுவான். திறமையால் வென்ற தூரத்தை ஒரு புகைவண்டி பறித்துக்கொள்ளுகின்றது. ஊழ் என்னும் அதிகாரத்தை இளைஞர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு எமக்கு வாய்க்கவில்லை. இத்தடம் மக்கள் நினைவில் நிலைத்தமைக்கும் இதுவே காரணம் என்று கருதுகின்றோம். 2011இல் 'மரியோ கார்ட் 7' என்னும் பகுதியில் இது மீண்டும் தோன்றியது. 2022இல் மற்றொரு பகுதிக்குச் சேர்க்கப்பட்ட தடங்களுள்ளும் இடம்பெற்றது; அப்போது சுற்றுக்குச் சுற்று வழி மாறி, இருப்புப்பாதையின் மீதும் சுரங்கத்தினூடும் வண்டிகள் ஓடுமாறு திருத்தியமைத்தனர்.

ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் எம்மிடம் குறைபட்டார். தம் வகுப்பு மாணவன் ஒருவன், கைத்தொலைபேசியில் விளையாடும் பாலைத் தடத்தின் ஒவ்வொரு வளைவையும், எந்த வளைவில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் தாளில் வரைந்து காட்டினானாம். தன் லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொன்னபோது ஒரு நேர்கோடு கீறி, இந்த முனையில் வீடு, அந்த முனையில் பாடசாலை என்று எழுதிக் கொடுத்தானாம். "கெட்டுப்போனான் ஐயா" என்றார் நண்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவனுக்குக் கூர்ந்து நோக்கும் ஆற்றல் குறைவின்றி இருக்கின்றது. நோக்கத்தக்கது என்று ஒரு நிலத்தை யப்பானியர் அவனுக்குக் காட்டினர். அவன் நடக்கும் நிலத்தை நோக்கத்தக்கது என்று காட்டியவர் யார்? பாடநூலா, பத்திரிகையா, நாமா?

எண்ணிப் பாருங்கள். கலிமாரிப் பாலையில் ஓடும் வண்டித்தொடர் அச்சிறுவனுக்குப் புதுமை. ஆனால் அவன் ஊரின் வழியே செல்லும் இருப்புப்பாதையின் வரலாறு அதனினும் வியப்புக்குரியது. கொழும்பிலிருந்து மேலேறிய பாதை 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவை எட்டியது. பதுளையைச் சேர 1924 வரை சென்றது. ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையை இத்துணைச் செங்குத்தான மலையில் வளைத்து வளைத்துக் கொண்டுசென்றமை பொறியியலாளர் இன்றும் போற்றும் செயல். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றது. அதற்கப்பால் சென் கிளயர், தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ராதல்ல, நானுஓயா என்று நிலையங்களின் பெயர்கள் ஒரு செய்யுளின் சீர்கள்போல அடுக்கி வருகின்றன. தேயிலையை இறக்கவும் அரிசியை ஏற்றவும் இப்பாதை வந்தது. பாதையை வெட்டிய கைகள் யாருடையவை என்பது எந்த நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் எழுதப்படவில்லை.

ஓட்டத் தடங்களும் எமக்குப் புதியனவல்ல. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் 1875இல் அமைந்தது. மோட்டார் வண்டிகளுக்கான மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஆசியாவின் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் அதுவும் ஒன்று. ராதல்லையிலும் அவ்வகைப் போட்டி நடந்திருக்கின்றது. மலையேற்றப் போட்டியின் முறை வேறு. அதில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட்டு, உச்சியிற் போய் முடிகின்றன. சுற்று இல்லை. மலையின் இயல்பே அப்போட்டியின் இலக்கணத்தை வகுத்தது எனலாம். திணைக்கேற்ற ஒழுக்கம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதுவும் ஒரு சான்று. சமவெளித் தமிழகத்தில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் எழுந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இவற்றை இங்கே நீட்டிக்க விரும்பவில்லை.

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். கொழும்பிலிருந்து வண்டிகளும் வண்டிகளைக் காண்போரும் மேலேறி வருவர். தோட்டத்து இளைஞரும் அதனைக் காணச் செல்வர். அவர்களுக்கு அதில் இடம் எங்கே? தடத்தின் ஓரத்தில். இதிற் குற்றம் ஒன்றுமில்லை. வேடிக்கை பார்ப்பதும் மனித இயல்பே. ஆனால் ஓரம் எத்துணை அபாயமானது என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் நாள் நமக்கு உணர்த்தியது.

இதே இருப்புப்பாதையில் நானுஓயாவைக் கடந்து மேலும் சென்றால் தியத்தலாவை. அங்குள்ள 'பொக்ஸ் ஹில்' தடம் தார் இடாத மண் தடம். வண்டி ஓடினால் புழுதி எழும். கலிமாரிப் பாலைக்கு நம் மலைநாட்டில் மிக நெருங்கிய தடம் எதுவெனின் அதனையே சொல்ல வேண்டும். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் அன்று அங்குப் பந்தயம் நடந்தது. ஒரு கார் தடத்திற் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு அலுவலர் மஞ்சள் எச்சரிக்கை காட்டினர். வண்டிகள் வேகம் குறையவில்லை. மற்றொரு கார் தடம் விலகிப் பார்வையாளர் நடுவிலும் அலுவலர் நடுவிலும் பாய்ந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதின்மருக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சித்திரை பிறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. குறிஞ்சி வேனிலிற் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னது இத்தகைய ஒரு நாளை எண்ணியன்று. ஆயினும் அச்செய்தியைப் படித்தபோது எமக்கு அந்த இடமே நினைவுக்கு வந்தது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 ஜனவரி 20ஆம் நாள் மாலை, நானுஓயா ராதல்லைக் குறுக்கு வீதியில் நேர்ந்ததையும் தலவாக்கலை வாசகர் மறந்திருக்க மாட்டார். அங்கே பந்தயம் எதுவும் நடக்கவில்லை. சுற்றுலா வந்த மாணவரை ஏற்றிச்சென்ற பஸ் ஒன்று அச்செங்குத்து இறக்கத்தில் ஒரு வானின் மீதும் முச்சக்கரவண்டியின் மீதும் மோதியது. வானிற் சென்ற அறுவரும் முச்சக்கரவண்டிச் சாரதியுமாக எழுவர் உயிரிழந்தனர். கனரக வாகனங்கள் அவ்வழி செல்வது பின்னர்த் தடைசெய்யப்பட்டது. பந்தயத்திற்குப் பெயர்பெற்ற ராதல்ல என்னும் பெயர் இப்போது எம் மக்களுக்கு வேறொன்றையே நினைவூட்டுகின்றது.

விளையாட்டுத் தடத்தில் புகைவண்டியில் அடிபட்டவன் உருண்டு விழுந்து மீண்டும் ஓடுகின்றான். தடம் விட்டுப் பள்ளத்தில் வீழ்ந்தவனை, மேகத்தின் மேல் அமர்ந்த ஒருவன் தூண்டிற்கோலால் தூக்கித் தடத்தில் விடுகின்றான். இஃது அவ்விளையாட்டுத் தொடர் முழுவதிலும் உள்ள வழக்கம். இதனைக் கண்டு, சிறுவர் மரணத்தை இலேசாக எண்ணக் கற்கின்றனர் என்று சிலர் அஞ்சுவர். எமக்கு அவ்வச்சம் பெரிதாக இல்லை. பரமபதப் பலகையிற் பாம்பு விழுங்கிய காய் மீண்டும் ஏறுவதை நாம் எல்லோரும் ஆடித்தான் வளர்ந்தோம். அதனால் மெய்ப்பாம்பைக் கண்டு அஞ்சாதார் எவரும் இல்லை. எமது கவலை வேறு.

கலிமாரிப் பாலையில் யாரும் வாழவில்லை. சப்பாத்துக்கள்ளி உண்டு, பாறை உண்டு, புகைவண்டி உண்டு. அவ்வண்டி எவரை எங்கே ஏற்றுகின்றது, எவரை எங்கே இறக்குகின்றது என்று கேட்பதிற் பயனில்லை. அது சுற்றுகின்றது, அவ்வளவே. தமிழ்ப் பாலையோ மனிதரால் நிறைந்தது. அகநானூற்றுப் பாடல் நானூற்றில் இருநூறு பாலைப் பாடல்கள். ஒற்றைப்படை எண்கொண்டன யாவும் பாலையே. குறிஞ்சிக்கு எண்பதும் ஏனையவற்றுக்கு நாற்பது நாற்பதுமே கிடைத்தன. நிலமில்லாத திணைக்குத் தொகை நூலிற் பாதி இடம்! பொருள் தேடிப் போகின்றவனும், அவனை எண்ணி இருக்கின்றவளும், வழியிற் பறிக்கும் ஆறலை கள்வரும், நீர் வற்றிய சுனையும், நிழலில்லா ஓமை மரமும் அதில் உண்டு. அங்கே வழி என்பது சுற்றன்று. ஒரு வீட்டிலிருந்து விலகிச் செல்வது. திரும்பி வருவானோ மாட்டானோ என்பதே அப்பாடல்கள் அனைத்திலும் தொங்கி நிற்கும் வினா.

இந்த வேறுபாட்டை விளையாட்டின் குறையாக நாம் கூறவில்லை. அதனை ஆக்கியவர்க்கு வேண்டியது ஓட ஒரு தடமும் ஓரத்தில் ஓர் அழகும். அவ்விரண்டையும் அவர்கள் நன்றாகவே அமைத்தனர். ஆனால் இதே பார்வை திரையை விட்டு வெளியேறி மெய்ந்நிலத்தின்மேற் படிகின்றபோதுதான் நாம் எழுதுகோலை எடுக்க வேண்டியிருக்கின்றது. மலைநாட்டுப் புகையிரதப் பயணத்தை உலகின் அழகிய பயணங்களுள் ஒன்று எனப் பயண நூல்கள் புகழுகின்றன. வண்டியின் வாயிலிற் சாய்ந்து நின்று படம் பிடிக்கும் வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் காண்பது யாது? பச்சை மலை, வெண்ணிற அருவி, கூடை சுமந்த பெண்கள். அப்பெண்கள் அப்படத்தில் கலிமாரிப் பாலையின் கள்ளிச்செடியைப்போல நிற்கின்றனர். வண்டி வளைவைத் திரும்பியதும் இல்லாமற் போகின்றனர். எடுத்த கொழுந்தின் நிறை யாது, அன்றைய பெயர் விழுந்ததா, லயத்துக் கூரை ஒழுகுகின்றதா என்பவற்றுக்கு அத்திரையில் இடமில்லை. கையில் விளையாட்டுக் கருவியோடு தோட்டத்து லயத்தில் அமர்ந்திருக்கும் சிறுவன், தானே வேறொருவருடைய ஓட்டத்துக்கு ஓரத்து அழகாக நிற்பதை அறியான். அறிவித்தால் அறிந்துகொள்வான், வளைவுகளை அத்துணை நுட்பமாக வரைபவனுக்கு இது கடினமன்று.

அவன் முன்னோர் கடந்தது மெய்யான பாலை. கோப்பித் தோட்டங்களுக்கென 1820களிலிருந்து தென்னிந்தியாவினின்றும் வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர்க்குக் கல்லறைகள் இல்லை. நிலத்தாற் பார்த்தால் அது வன்னிக் காடு. ஒழுக்கத்தாற் பார்த்தால் பொருள்வயிற் பிரிவு. சங்கப் புலவன் கண்டிருந்தால் ஐயமின்றிப் பாலை என்றே வகுத்திருப்பான். மலையகத்தின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பெருநடை ஒன்று நடந்தது. அவ்வழியை மீண்டும் காலால் அளந்தவருள் இளைஞரும் இருந்தனர். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொடங்கிய பணியை நாம் எவ்வளவு தூரம் கொண்டுசென்றோம் என்பதைச் சொல்லக் கூச்சமாகவே உள்ளது.

2025இல் வெளிவந்த 'மரியோ கார்ட் வேர்ல்ட்' என்னும் புதிய பகுதியில், தனித்தனித் தடங்களை ஒன்றோடொன்று வீதிகளால் இணைத்து, ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு ஓட்டிச் செல்லுமாறு அமைத்திருக்கின்றனர். சுற்றிச் சுற்றிச் சலித்தவர்க்கு இப்போது தடங்களுக்கு இடைப்பட்ட வெளியும் வேண்டியிருக்கிறது போலும். அவ்விடைவெளியைத்தான் நாம் எழுத வேண்டும் என்கின்றோம்.

எனவே ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விளையாட்டுக் கருவியைப் பறித்து மேசைக்குள் பூட்டுவதற்கு முன், கலிமாரித் தடத்தை மாணவன் கையால் ஒருமுறை வரையச் செய்யுங்கள். அதன் அருகே அவன் பாடசாலைக்கு வரும் வழியை அதே நுட்பத்தோடு வரையச் சொல்லுங்கள்: எத்தனை வளைவு, எந்த வளைவில் மண் சரிந்தது, எங்கே இருப்புப்பாதை குறுக்கிடுகின்றது, கடவையிற் காவல் உண்டா, அவ்விடத்தைத் தோட்டத்தார் எப்பெயரால் அழைக்கின்றனர், அப்பெயர் ஏன் வந்தது என்று. விடை தெரியாதவற்றைப் பாட்டியிடமோ தலைவரிடமோ கேட்டு வரட்டும். மேல்வகுப்பு மாணவராயின், பாலைக் கலியையோ அகநானூற்றின் ஒற்றைப்படைப் பாடல் ஒன்றையோ படித்தபின் இதனைச் செய்யட்டும்; நிலம் கூறாத் திணைக்கு எங்கெங்கே நிலம் உண்டென்று அவர்களே கண்டு சொல்லட்டும்.

இவ்வாறு எழுதப்படும் வழி வருணனைகளுள் சிறந்தவற்றுக்கு இம்மலரில் இடம் ஒதுக்கியுள்ளோம். ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேற்படாமை நலம். வரைபடமும் உடன் வரலாம். ராதல்லைக் குறுக்கு வீதியைப் பற்றி யாரேனும் எழுதினால் அதனை முதலிற் படிப்போம்.